வினையும் அதன் துணையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். கொஞ்சம் வாய்விட்டுப் படியுங்கள், காதுக்குப் புரிந்துவிடும்.)

 

"சார், இருபது நிமிஷம் பேசுங்க, பசங்களுக்கு இங்கிலீஷ் விஷயத்துல ஏதாவது பிரயோஜனமா இருக்கட்டும்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவன் என்ற உரிமையில் கேட்டார். ஒரே வாரத்தில் ஆங்கிலம் பேச வைக்கிற வித்தை எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது. ஆங்கில வினைச்சொல் தன் பக்கத்தில் யாரைச் சேர்த்துக்கொள்ளும், யாரைச் சேர்க்காது என்பதுதான் அது. கேட்பதற்குச் சின்ன விஷயம். நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடங்களில் பாதி இங்கேதான்.

முதலில் உங்களுக்கு ஒரு பரீட்சை. பள்ளிக்கூடத்தில் எழுதிய விடுப்புக் கடிதம் ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் ஒரே குரலில் சொல்வீர்கள்: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் ஸ்கூல். கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்." காய்ச்சல் வந்ததோ இல்லையோ, கடிதம் மட்டும் தப்பில்லாமல் வந்தது. (முன்வரிசையில் சிலர் சிரிப்பதைப் பார்த்தால், காய்ச்சல் வராதவர்கள் யார் என்று தெரிகிறது.)

அந்த இரண்டு வரியில் மூன்று வினைகள் இருக்கின்றன, மூன்றும் மூன்று ஜாதி. "சஃபர்" என்பது நோயின் பெயருக்கு முன்னால் "ஃப்ரம்" கேட்கிறது. "அட்டெண்ட்" எதையும் கேட்கவில்லை, "ஸ்கூல்" என்ற பெயரை நேராகப் பிடித்துக்கொள்கிறது. தமிழில் நாம் "பள்ளிக்குப் போனேன்" என்று "கு" போட்டாலும், "அட்டெண்ட் டு ஸ்கூல்" என்று கடிதத்தில் எழுதவில்லை. மூன்றாவதாக "கிராண்ட்". அது ஆளையும் பொருளையும், "மீ" என்றும் "லீவ்" என்றும், இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. நடுவில் எந்த இடைச்சொல்லும் இல்லை. இந்த இலக்கணத்தை யாரும் நமக்கு விளக்கவில்லை. வினையை அதன் துணைகளோடு சேர்த்து, ஒரே மூச்சில், நெட்டுரு பண்ணினோம். அதனால் இன்றைக்கும் தப்பு வருவதில்லை.

அதே ஆள் கல்லூரிக்கு வந்து சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதும்போதுதான், "வீ டிஸ்கஸ்ட் அபவுட் த ப்ராப்ளம்" என்று வருகிறது. ஏன் வருகிறது? முதல் காரணம் எல்லாருக்கும் தெரிந்தது. தமிழில் "பிரச்சினையைப் பற்றி விவாதித்தோம்" என்கிறோம். அந்தப் "பற்றி" தன்னை "அபவுட்" ஆக மாற்றிக்கொண்டு கூடவே வந்துவிடுகிறது. "அறைக்குள் நுழைந்தான்" என்பதில் உள்ள "உள்" அப்படித்தான் "என்டர்ட் இன்டு த ரூம்" ஆகிறது. "ஊருக்கு வந்து சேர்ந்தேன்" என்பதில் உள்ள "கு", "ரீச்ட் டு" ஆகிறது. டிஸ்கஸ், என்டர், ரீச் மூன்றுமே பெயரை நேராகப் பிடிக்கிற வினைகள். நாம் நடுவில் ஒரு தரகரை வைக்கிறோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. "பாட்டு கேட்டேன்", "என்னைப் பார்" என்று தமிழில் சொல்லும்போது தனிச்சொல் எதுவும் இல்லை. "ஐ" உருபு ஒட்டியிருக்கும், அல்லது தொக்கி நிற்கும். அதனால் "லிசன்" என்பதற்கு வேண்டிய "டு"வையும், "லுக்" என்பதற்கு வேண்டிய "அட்"டையும் விட்டுவிட்டு, "ஐ லிசன் மியூசிக்", "லுக் மீ" என்கிறோம். ஒரு பக்கம் தேவையில்லாமல் சேர்க்கிறோம், இன்னொரு பக்கம் தேவையானதை விடுகிறோம். இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான்.

ஆனால் "டிஸ்கஸ் அபவுட்" என்பதற்குத் தமிழ் மட்டும் பொறுப்பில்லை. தமிழே தெரியாத ஆப்பிரிக்க நாடுகளிலும், தென்கிழக்காசியாவிலும் இதே வழக்கைக் கேட்கலாம். அப்படியென்றால் ஆங்கிலத்துக்குள்ளேயே ஒரு கண்ணி இருக்கிறது என்று அர்த்தம். அது இதுதான். வினையாக இருக்கும்போது இடைச்சொல் வேண்டாத பல சொற்கள், பெயராக மாறியதும் இடைச்சொல் கேட்கும். டிஸ்கஸ் த ப்ராப்ளம். ஆனால் எ டிஸ்கஷன் அபவுட் த ப்ராப்ளம். என்டர் த ரூம். ஆனால் என்ட்ரி இன்டு த ரூம். ஆன்ஸர் த கொஸ்டின். ஆனால் ஆன் ஆன்ஸர் டு த கொஸ்டின். டிமாண்ட் ஹயர் வேஜஸ். ஆனால் எ டிமாண்ட் ஃபார் ஹயர் வேஜஸ். எம்ஃபஸைஸ் த பாயின்ட்; ஆனால் எம்ஃபஸிஸ் ஆன் த பாயின்ட். காரணம் எளிது. ஆங்கிலத்தில் செயப்படுபொருளை நேராகச் சுமக்கிற தெம்பு வினைக்குத்தான் உண்டு, பெயருக்குக் கிடையாது. பெயருக்கு ஊன்றுகோல் வேண்டும். மாணவன் ஊன்றுகோலைப் பார்த்து வைத்துக்கொண்டு, நடக்கத் தெரிந்தவன் கையிலும் அதைக் கொடுத்துவிடுகிறான். இதை ஒருமுறை விளக்கிவிட்டால் வகுப்பில் பத்துப் பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள். "தப்பு, தப்பு" என்று சிவப்பு மையால் அடித்தால் ஒருவரும் நிமிர மாட்டார்கள்.

இங்கே தமிழாசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்கள் அனுமதியோடு ஒன்று சொல்கிறேன். இதெல்லாம் நமக்குப் புதிதா? "கேள்" என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். அவனிடம் கேட்டேன் என்றால் ஏதோ வேண்டியோ விசாரித்தோ கேட்டது. அவனைக் கேட்டேன் என்றால், குரலைச் சற்று உயர்த்திச் சொன்னால், நியாயம் கேட்டது. அவனுக்காகக் கேட்டேன் என்றால் பரிந்து கேட்டது. அவன் பேச்சைக் கேட்டேன் என்றால் அவன் சொற்படி நடந்தது. எனக்குக் கேட்டது என்றால் காதில் விழுந்தது. வினை ஒன்று, உருபு மாறினால் உலகமே மாறுகிறது. தொல்காப்பியம் வேற்றுமைக்கு ஓர் இயல் வைத்தது போதாதென்று, வேற்றுமைகள் மயங்குவதற்கென்று தனியாக ஓர் இயல் வைத்திருக்கிறது. தமிழ் படிக்க வருகிற வெளிநாட்டுக்காரர் "நான் பசிக்கிறேன்", "நான் தெரியும்" என்று சொன்னால் நமக்குச் சிரிப்பு வருகிறது. பசிக்கும் தெரிதலுக்கும் "எனக்கு" வேண்டும் என்று நாம் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. நாம் "லுக் மீ" என்று சொல்லும்போது இங்கிலாந்துக்காரர் காதில் விழுவதும் அதேதான்.

வேதியியல் துறை நண்பர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். அணுவுக்கு இணைதிறன் இருக்கிற மாதிரி வினைக்கும் இருக்கிறது என்றார் லூசியன் தெனியேர் என்ற பிரெஞ்சு மொழியியலாளர். அவர் 1954-இல் காலமாகி, ஐந்து வருஷம் கழித்து 1959-இல்தான் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. ஓர் அணு இத்தனை பிணைப்புதான் ஏற்படுத்தும் என்பது போல, "டை" என்ற வினைக்கு ஓர் ஆள் போதும், "ஹிட்" என்பதற்கு இரண்டு பேர் வேண்டும், "கிவ்" என்பதற்குக் கொடுப்பவர், வாங்குபவர், கொடுக்கும் பொருள் என்று மூன்று வேண்டும். மழைக்கு யாருமே வேண்டாம். அதனால்தான் "இட் இஸ் ரெய்னிங்" என்று ஒரு பொம்மை எழுவாயை வைத்து ஒப்பேற்றுகிறார்கள். நாம் மழையையே எழுவாயாக்கி "மழை பெய்கிறது" என்கிறோம். அவர்களுடைய பொம்மையைவிட இது மரியாதையாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மூன்று பேர் வேண்டிய வினைகளில்தான் பெரிய குழப்பம். "எனக்குப் புத்தகம் கொடுத்தார்", "எனக்குப் பாடம் விளக்கினார்". தமிழில் இரண்டும் ஒரே வார்ப்பு. ஆங்கிலத்தில் "கேவ் மீ த புக்" சரி, "எக்ஸ்ப்ளெயின்ட் மீ த லெஸன்" சரியில்லை, "எக்ஸ்ப்ளெயின்ட் த லெஸன் டு மீ" என்றுதான் வரவேண்டும். கிவ், சென்ட், டெல், ஷோ, டீச், லெண்ட் எல்லாம் ஆளை நேராகப் பிடிக்கும். எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், சஜஸ்ட், டொனேட், அனௌன்ஸ் எல்லாம் "டு" இல்லாமல் ஆளைத் தொடாது. ஏன் இந்தப் பாகுபாடு? முதல் கூட்டத்தில் உள்ளவை பெரும்பாலும் ஆங்கிலத்தின் பழைய, குட்டையான வீட்டுச் சொற்கள். இரண்டாவது கூட்டம் லத்தீன், பிரெஞ்சு வழி வந்த விருந்தாளிகள். விருந்தாளிகள் கொஞ்சம் எட்டித்தான் நிற்பார்கள். விதிவிலக்கும் உண்டு. "ப்ராமிஸ்" வந்தேறியானாலும் வீட்டு ஆளாகிவிட்டது. நம் விடுப்புக் கடிதத்தின் "கிராண்ட் மீ"யும் அப்படியே.

அமெரிக்காவில் பெத் லெவின் என்ற மொழியியல் பேராசிரியை, 3,000-க்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளை அவை எந்தெந்த அமைப்பில் வரும் என்று பார்த்து வகைப்படுத்தி 1993-இல் ஒரு நூல் வெளியிட்டார். பொருளில் ஒத்த வினைகள் துணை சேர்ப்பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன என்பது அதன் சாரம். ஆகவே இது முழுக்க முழுக்கக் கண்மூடி மனப்பாடம் இல்லை, உள்ளே ஒரு நியாயம் ஓடுகிறது. ஓர் உதாரணம். "தே லோடட் ஹே ஆன்டு த கார்ட்" என்றால் வண்டியில் வைக்கோல் ஏற்றினார்கள், எவ்வளவு என்று தெரியாது. "தே லோடட் த கார்ட் வித் ஹே" என்றால் வண்டி நிறைந்துவிட்ட மாதிரி ஒரு தொனி. வினைக்குப் பக்கத்தில் நிற்கிற பெயர்தான் முழுப் பாதிப்பையும் வாங்குகிறது.

இந்த இடத்தில் வழக்கறிஞர் நண்பர்கள் காது கொடுங்கள். "ஹி ஷாட் த மேன்" என்றால் குண்டு பட்டுவிட்டது. "ஹி ஷாட் அட் த மேன்" என்றால் குறி வைத்துச் சுட்டான், பட்டதா இல்லையா என்று வாக்கியம் சொல்லவில்லை. தமிழ் வாக்குமூலத்தில் "அவனை நோக்கிச் சுட்டான்" என்று இருப்பதை ஆங்கிலத்தில் மாற்றும்போது இரண்டெழுத்துள்ள அந்த "அட்" விழுந்துபோனால், ஒருவருடைய தலையெழுத்தே மாறும். பந்தை ஒருவருக்கு எறிவதற்கு "டு", ஒருவர் மேல் எறிவதற்கு "அட்". விளையாட்டுத் துறை ஆசிரியருக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இன்னொரு சம்பவம். நம் கல்லூரியில் படித்து ஒரு மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த பழைய மாணவர் ஒருநாள் எனக்குத் தொலைபேசினார். கையில் ஒரு குறிப்பு வந்திருக்கிறது, அதில் ஒரு மருந்தின் பெயரைப் போட்டு, "சப்ஸ்டிட்யூட்" இன்னது "ஃபார்" இன்னது என்று எழுதியிருக்கிறது. "சார், எதை எடுத்துட்டு எதைக் கொடுக்கணும்?" இலக்கணப்படி, "சப்ஸ்டிட்யூட்" என்பதை அடுத்து வருவது புதிதாக உள்ளே வருவது, "ஃபார்" என்பதற்குப் பின்னால் இருப்பது வெளியே போவது. "சப்ஸ்டிட்யூட் ஜாகரி ஃபார் ஷுகர்" என்றால் சர்க்கரையை எடுத்துவிட்டு வெல்லத்தைப் போடு. ஆனால் நம் மனசு "சர்க்கரைக்குப் பதில் வெல்லம்" என்று, போகிறதை முதலில் சொல்லிப் பழகியது. தலைகீழாகப் படித்துவிடும். இதைவிட மோசம் என்னவென்றால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் பலர் இதைத் தலைகீழாக எழுதுகிறார்கள். "தம்பி, விதி இதுதான், ஆனா விதியை நம்பி மருந்து கொடுக்காதே, எழுதினவரையே கூப்பிட்டுக் கேளு" என்றேன். அவரும் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். நீங்களே எழுதும்போது "ரீப்ளேஸ் ஷுகர் வித் ஜாகரி" என்று எழுதுங்கள். அதில் குழப்பம் இல்லை, நம் தமிழ் வரிசையும் அதேதான்.

சரி, எந்த வினைக்கு எந்தத் துணை என்று யார் சொல்லுவார்கள்? சாதாரண அகராதி அர்த்தம் சொல்லும், இதைச் சொல்லாது. இங்கிலாந்தில் பிறந்த குழந்தைக்கு இது தேவையில்லை, ஆகவே அங்கே யாருக்கும் இந்தக் குறை தோன்றவில்லை. தோன்றியது ஜப்பானில்! ஏ.எஸ்.ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர் 1924-இல் அங்கே ஆங்கிலம் கற்பிக்கப் போனார். தோக்கியோவில் ஹெரால்ட் பாமர் நடத்திவந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் பணியில் சேர்ந்துகொண்டார். ஜப்பானிய மாணவர்களும் நம்மைப் போலத்தான். அர்த்தம் தெரியும், வாக்கியத்தில் வைக்கத் தெரியாது. ஹார்ன்பியும் இரண்டு சக ஆசிரியர்களும் சேர்ந்து, வினைகள் வருகிற அமைப்புகளை 25 வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வினைக்கும் எண் போட்டு ஓர் அகராதி செய்தார்கள். அது தோக்கியோவில் அச்சாகி வெளிவந்தது 1942-இல். அப்போது ஜப்பானும் பிரிட்டனும் யுத்தத்தில் இருந்தன, ஹார்ன்பி அந்த வருஷமே நாடு திரும்ப வேண்டியதாயிற்று. யுத்தத்துக்குப் பிறகு 1948-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் அதை எடுத்து வெளியிட்டது. பிற்பாடு "அட்வான்ஸ்ட் லேனர்ஸ் டிக்ஷனரி" என்று நாம் எல்லாரும் கையில் வைத்திருந்தது அதன் வாரிசுதான். 2020-இல் பத்தாம் பதிப்பு வந்துவிட்டது. எங்கள் காலத்தில் விடுதியில் ஒருவன் அதை வைத்திருந்தால் அவன் அறையில் எப்போதும் கூட்டம் இருக்கும். ஆனால் எல்லாரும் அர்த்தம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். முன்பக்கத்தில் இருந்த அந்த அமைப்புப் பட்டியலைப் புரட்டிய கை அபூர்வம்.

வினையோடு ஒட்டிக்கொள்கிற சின்னச் சொற்கள் இன்னொரு வகை. "புட் ஆஃப்", "புட் ஆன்", "புட் அப் வித்" என்று மாணவர்களை அழவைக்கிற கூட்டம். பயப்படாதீர்கள், இது நம் வீட்டிலும் உண்டு. ஆங்கிலம் வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தைத் திருப்புகிறது. தமிழ் இன்னொரு வினையை ஒட்டித் திருப்புகிறது. எழுதி வை, எழுதிக் கொடு, எழுதிப் பார், எழுதித் தள்ளு. "புட் ஆஃப்" என்பதற்கு நம் "தள்ளிப் போடு" எவ்வளவு கச்சிதம்! "ரைட் டவுன்" என்பது எழுதி வை. ஒரு நுட்பம் மட்டும் கவனியுங்கள். "புட் ஆஃப் த மீட்டிங்" என்றும் சொல்லலாம், "புட் த மீட்டிங் ஆஃப்" என்றும் சொல்லலாம். ஆனால் கூட்டத்தை "இட்" என்று சுருக்கிவிட்டால் அது நடுவில்தான் வரவேண்டும், "புட் இட் ஆஃப்". அதே சமயம் "லுக் ஆஃப்டர் இட்" என்பதில் "இட்" கடைசியில்தான் வரும். ஏனென்றால் "ஆஃப்" வினையின் ஒட்டு, "ஆஃப்டர்" பெயருக்கு முன்னால் நிற்கிற இடைச்சொல். எது ஒட்டு, எது இடைச்சொல் என்ற சந்தேகம் வந்தால் "இட்" போட்டுப் பாருங்கள்.

கடைசியாக, மனசில் இருக்கிற ஓர் ஆதங்கம். தமிழ் வழியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இங்கிருந்து போன ஒரு பையன், ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனான். "ஐ வாண்ட் டு டிஸ்கஸ் அபவுட் மை பிராஜெக்ட்" என்று ஆரம்பித்தான். எதிரே இருந்தவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு பையன் வாயே திறக்கவில்லை. நல்ல பிராஜெக்ட் அது. சிரித்தவருக்கு ஒன்று தெரிந்திருக்காது. பிரிட்டனில் ஒரு முடிவை எதிர்த்தால் "ப்ரொடெஸ்ட் அகெய்ன்ஸ்ட்" என்பார்கள், அமெரிக்காவில் இடைச்சொல்லே இல்லாமல் "ப்ரொடெஸ்ட் த டெஸிஷன்" என்பார்கள். பிரிட்டனில் "ரைட் டு மீ", அமெரிக்காவில் "ரைட் மீ". பெரிய இடத்துப் பிள்ளைகள் இடைச்சொல்லைச் சேர்த்தாலும் விட்டாலும் அதற்கு வழக்கு என்று பெயர், நம் பையன் செய்தால் பிழை. இங்கே இருப்பவர்களில் பலர் இன்று நேர்முகத் தேர்வு மேசையின் அந்தப் பக்கம் உட்காருகிறீர்கள். "அபவுட்" என்ற சொல்லைக் கேட்டதும் சிரிக்காமல், அதற்குப் பின்னால் வருகிற பிராஜெக்டைக் கேளுங்கள். இதை உரிமையோடு சொல்கிறேன்.

தம்பி, தங்கைகளுக்கு நான் அந்தச் சலுகையைத் தர மாட்டேன். எழுதுகிற இடத்தில் வழக்கு தெரிந்துதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இழப்பு உங்களுக்கு. ஆனால் கோடிட்ட இடத்தில் இடைச்சொல்லை நிரப்பிப் பழகுவது வீண் வேலை. முப்பது வருஷம் அந்தக் கேள்வித்தாளைத் திருத்தியவன் சொல்கிறேன். கோட்டை நிரப்பினவன் அடுத்த நிமிஷம் கட்டுரையில் அதையே தப்பாக எழுதுவான். நோட்டுப் புத்தகத்தில் "டிபெண்ட் = சார்ந்திரு" என்று எழுதாதீர்கள். "ஷி டிபெண்ட்ஸ் ஆன் ஹர் பிரதர் ஃபார் மணி" என்று, ஆளையும் பொருளையும் வைத்து முழுசாக எழுதுங்கள். "ப்ளேம்" என்று வந்தால் இரண்டு வரி எழுதுங்கள்: "தே ப்ளேம்ட் த டிரைவர் ஃபார் த ஆக்ஸிடென்ட்", "தே ப்ளேம்ட் த ஆக்ஸிடென்ட் ஆன் த டிரைவர்". ஒரு நாளைக்கு இரண்டு வினை போதும். விடுப்புக் கடிதம் மாதிரி வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கைப்பேசியில் அகராதி பார்த்தாலும் அர்த்தத்தோடு நிறுத்தாமல், கீழே கொடுத்திருக்கிற உதாரண வாக்கியம் வரைக்கும் விரலைத் தள்ளுங்கள்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார், சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று போலிருக்கிறது. சந்தேகம் இருக்கிறவர்கள் பந்தியிலேயே என் பக்கத்தில் வந்து உட்காரலாம்.